எவ்வளவு வேண்டுமானாலும்

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. உங்கள் கையில் இருக்கிற பாட்டிலை அப்படி முறைத்துப் பார்த்திருக்கக் கூடாது. எனக்குத் தாகம் இல்லை, வேண்டாம், நீங்கள் குடியுங்கள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக எனக்கு இதே வேலை. யார் கையில் எந்த பாட்டிலைப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகிறது. மாம்பழப் படம் போட்ட அந்தச் சின்ன பாட்டிலுக்குள் ஏழெட்டு ஸ்பூன் சீனி இருக்கிறது, தெரியுமா? சரி, விடுங்கள். திறந்தாயிற்று, குடியுங்கள். ஊரில் யாரும் ஜூஸ் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் அம்மா மட்டும்தான் குடிக்கக் கூடாது என்றேன். அதற்கே இவ்வளவு பேச்சு.

இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எடை மட்டும் இருந்தது. எழுபத்தாறு கிலோ. அதை அறுபத்தெட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொண்டுவந்தால் அம்மாவின் கிட்னி ஒன்றை எடுத்து அப்பாவுக்கு வைப்பார்கள். இல்லாவிட்டால் வைக்க மாட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்.

நாங்கள் ராஜபாளையம். அப்பா குருசாமி, மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மா சண்முகவடிவு. நான் மாரீஸ்வரி, ஒரே பிள்ளை, திருநெல்வேலியில் எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் வருஷம். அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. அத்தைக்கு இன்சுலின் போடுகிற அளவுக்குச் சர்க்கரை. அம்மாவுக்கோ எல்லாருக்கும் சேருகிற ரத்தம். ஆகவே அம்மாதான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, முன்பின் தெரியாத உங்களிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்களாவது ஒரு நியாயம் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிடம் கேட்டால் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு அந்த எடை எப்படி வந்தது தெரியுமா? சோற்றால் வரவில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களால் வந்தது. அப்பா படுத்தார் என்றதும் மில்லில் வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள், அத்தை வீட்டு வகை என்று வராதவர்கள் இல்லை. வெறுங்கையோடு வரலாமா? ஆளுக்கொரு ஜூஸ் பாட்டில், இல்லாவிட்டால் சத்துப் பவுடர் டப்பா. அப்பாவுக்கோ ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் உள்ளே போகக் கூடாது. மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீரும் அதில் சேர்த்திதான். பழச்சாறு அறவே கூடாது. அப்புறம் அந்த பாட்டிலை எல்லாம் யார் குடிப்பது? பிரியமாகக் கொண்டுவந்ததை வீணாக்கலாமா என்று அம்மா குடித்தாள். பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்தாள். புருஷனைப் பார்க்க வந்தவர்களின் அனுதாபம் முழுக்க அம்மா இடுப்பில் ஏறிவிட்டது.

இது போதாதென்று வந்தவர்களுக்குக் காப்பி. அவர்கள் குடிக்கும்போது வீட்டுக்காரி சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமா? "நீங்களும் குடிங்க மதினி" என்பார்கள். பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் போட்டு அம்மாவும் ஒரு டம்ளர். காலையில் மூன்று பேர் தனித்தனியாக வந்தால் மூன்று டம்ளர்.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் கொடுத்த தாளில் 'இனிப்புப் பானங்களைத் தவிர்க்கவும்' என்று அச்சடித்திருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, நான் எங்கே பானம் குடிக்கிறேன் என்றாள். பானம் என்றால் அவளுக்குக் கடையில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற கலர் சோடா மட்டும்தான். காப்பி பானமா, சர்பத் பானமா என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். இப்படி ஒரு தாளைக் கொடுத்து ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்னால் நடக்குமா அக்கா? அதனால்தான் நானே ஒரு பட்டியல் எழுதினேன். அதுதான் நான் செய்த குற்றம்.

ஒரு ஏ ஃபோர் தாளில் மூன்று பத்தி. முதல் பத்தி, 'தொடவே கூடாது'. அதில் ஜூஸ், பன்னீர் சோடா, நன்னாரி சர்பத், பவுடர் கலக்கிய பால். இரண்டாவது, 'ஒரு நாளைக்கு ஒன்று'. அதில் அரை ஸ்பூன் சீனி போட்ட பால்காப்பி, மோர், இளநீர். மூன்றாவது, 'எவ்வளவு வேண்டுமானாலும்'. அதில் தண்ணீர், சீரகத் தண்ணீர், எலுமிச்சை பிழிந்த வெந்நீர், கடுங்காப்பி.

ஆமாம், கடுங்காப்பி. பாலும் இல்லை, சீனியும் இல்லை என்றால் ஒரு டம்ளர் கடுங்காப்பிக்கு இரண்டு கலோரி வந்தால் அதிகம். இது நான் கண்டுபிடித்ததில்லை, எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். பசியையும் கொஞ்சம் அடக்கும். வருகிறவர்களோடு உட்கார்ந்து குடிக்கிற மரியாதையும் கெடாது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் அங்கே எழுதினேன்.

இதற்கும் அம்மா ஒரு சண்டை போட்டாள். எங்கள் பக்கம் கடுங்காப்பி என்றால் அதில் கருப்பட்டி இருக்கும். சீனிதானே கூடாது, கருப்பட்டி போட்டுக்கொள்கிறேன் என்றாள். இரண்டும் உடம்புக்கு ஒன்றுதான் என்றேன். அதெப்படி, பிள்ளை பெற்றவளுக்கே கருப்பட்டி கொடுக்கிறார்கள் என்றாள். இரண்டு நாள் வாதாடினோம். நான்தான் ஜெயித்தேன். என்னிடம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. எங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நான் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் எடை கேட்பேன். எழுபத்தி நாலு, எழுபத்தி இரண்டரை, எழுபத்தி ஒன்று. கேட்கக் கேட்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தூக்கம் வரவில்லை பாப்பா என்று இடையில் ஒரு தடவை சொன்னாள். அப்பாவை நினைத்துக்கொண்டு படுத்தால் எப்படித் தூக்கம் வரும் என்றேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். எடை குறைகிறபோது உடம்பு பழகுகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். எங்கே படித்தாய் என்று கேட்காதீர்கள். எதையோ சொல்லித் தைரியம் கொடுக்க வேண்டாமா?

தீபாவளி லீவுக்குப் போனபோதுதான் இன்னொரு கூத்தைப் பார்த்தேன். அம்மா காப்பி டம்ளரோடு போய் அப்பா கட்டில் பக்கத்தில் உட்காருகிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தாகத்தில் நாக்கு வறண்டு கிடக்கிறவர் முன்னால் போய்க் குடிக்கலாமா என்று அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு வந்து கேட்டேன். அவர்தான் கூப்பிடுகிறார் என்றாள். டம்ளரை வாங்கி மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு நன்றாக மோந்துவிட்டு, "ம், இப்ப நீ குடி வடிவு" என்று கொடுத்துவிடுவாராம். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. அவர் மோந்த காப்பியைக் கீழே ஊற்ற மனசு வராமல் இவள் குடிப்பாளாம். "உன் பட்டியல்ல எவ்வளவு வேணும்னாலும்னுதானே போட்டுருக்கு" என்றாள். அப்போது நான் சிரித்தேன் அக்கா. நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று கேலி செய்தேன்.

ஆக, வருகிறவர்களோடு நாலைந்து, அப்பாவுக்காக நாலைந்து. ஆனால் அதை அன்றைக்கு யார் கூட்டிப் பார்த்தது?

போன மாதம் எடை அறுபத்தி ஏழரை. அரைக் கிலோ கூடவே குறைத்துவிட்டாள். மூன்று பேருமாக மதுரைக்குப் போனோம். அம்மா நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று இருந்தது. எடை மிஷினில் ஏறி நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடுத்தது பிரஷர். நர்ஸ் ஒரு தடவை அளந்தார், முகம் மாறியது. பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தார். நூற்று அறுபதுக்கு நூறு. நாடி நூற்றுப் பன்னிரண்டு.

டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா உடனே பர்ஸைத் திறந்து எட்டாக மடித்து வைத்திருந்த என் பட்டியலை எடுத்து மேஜையில் விரித்து வைத்தாள். "எம் மக எழுதிக் குடுத்தது டாக்டர். யூனிவர்சிட்டில படிக்கா. இதுல உள்ளபடி ஒண்ணு மாறல." அவ்வளவு பெருமை அவளுக்கு.

டாக்டர் மூன்றாவது பத்தியின் தலைப்பில் பேனாவை வைத்தார். கடுங்காப்பி ஒரு நாளைக்கு எத்தனை என்றார். அம்மா விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு ஒன்பது, பத்து என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? நான் எழுதியது சராசரி ஆட்களுக்கான பொதுவான அளவு என்றேன். நாலு கப் வரைக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று நானே படித்திருக்கிறேன் என்றேன். அதை ஏன் இதில் எழுதவில்லை என்று கேட்டார். இடம் இல்லை அக்கா. நீங்களே சொல்லுங்கள், ஒரு தாளில் எவ்வளவுதான் எழுத முடியும்? எவ்வளவு வேண்டுமானாலும் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் என்றா அர்த்தம்? விருந்துக்குப் போன வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்பார்கள், அண்டாவையா கவிழ்த்துக்கொள்கிறோம்?

டாக்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்துங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார் அம்மாவிடம். இது காப்பி செய்கிற வேலையா, உங்களுக்கு நிஜமாகவே பிரஷர் இருக்கிறதா என்று அப்போது பார்ப்போம், இருந்தால் உங்களிடம் எடுக்க முடியாது என்றார்.

அந்த ஒரு மாதம் எங்கள் சொந்தக்காரர்கள் என்னை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? அத்தை போன் செய்து, படித்த பிள்ளை பண்ணுகிற காரியமா இது, அண்ணனுக்கு வந்த கிட்னியைக் காப்பியில் கரைத்துவிட்டாயே என்று அழுதார். ஆளுக்கொரு ஜூஸ் பாட்டிலைச் சுமந்துகொண்டு வந்தவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'பானம்' என்று எழுதிய டயட்டீஷியனைச் சொல்லவில்லை. பத்து டம்ளர் குடித்தவளைச் சொல்லவில்லை. மோந்து பார்த்துக் கொடுத்தவரைச் சொல்லவில்லை. எழுதியவள் மட்டும்தான் கொலைகாரி. எனக்கு வந்த கோபத்தில் லைப்ரரியில் உட்கார்ந்து படித்துத் தள்ளினேன். காப்பி குடித்துப் பழகியவர்களுக்கு அதனால் மட்டும் இவ்வளவு பிரஷர் நிலையாக ஏறி நிற்காது என்று அத்தைக்குக் குரல் செய்தி அனுப்பினேன், ஏழு நிமிஷம். தாய்மாமாவுக்கு அனுப்பினேன். காப்பி காரணமே இல்லை என்று அம்மாவிடமும் போனில் வாதாடினேன். அவள் காப்பியை நிறுத்தித் தலைவலியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். "சரி பாப்பா, நீ சொன்னா சரிதான். கொஞ்சம் மெதுவாப் பேசு, தலை தெறிக்கு" என்றாள்.

முந்தாநாள் மறுபடி மதுரைக்கு வந்தோம். இந்தத் தடவை அம்மா கையில் ஒரு பட்டையைக் கட்டி இடுப்பில் ஒரு டப்பாவை மாட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை அதுவாகவே கையை இறுக்கி அளந்துகொள்ளும். லாட்ஜ் அறையில் அது இறுக்கும்போதெல்லாம் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காருவாள். ஆடாமல் இருந்தால் குறைச்சலாகக் காட்டும் என்று அவளுக்கு எண்ணம். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

இன்று காலையில் டாக்டர் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார். கோடு மேலும் கீழுமாக ஓடியது. "காப்பிய நிறுத்துனதும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா. ஆனா போகல. மாத்திரை போட வேண்டிய அளவுக்கு இருக்கு. காப்பி இல்லாமலே இருக்கு" என்றார்.

நான் சொன்னேன், "நான்தான் சொன்னேனே டாக்டர், காப்பி காரணம் இல்லைன்னு."

ஆமாம் அக்கா, சொன்னேன். வாய்விட்டு, சத்தமாக. ஒரு மாதமாக எல்லாரும் என்னைப் போட்டு மிதித்திருக்கிறார்கள், சொல்ல மாட்டேனா? மேஜையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன். சிரித்தேனா என்று தெரியவில்லை. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. காப்பி காரணம் இல்லை என்றால் வேறு எது காரணம்? நான் ஜெயித்தால் யார் தோற்கிறார்கள்? ஒரு மாதமாக நான் என்ன நடக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தேன்? ஆனாலும் நான் சொன்னது சரிதானே? அதில் தப்பில்லையே?

டாக்டர் இன்னும் ஏதேதோ சொன்னார். இந்த நிலைமையில் உங்களிடம் எடுத்தால் உங்களுக்கு ஆபத்து, எடுக்க மாட்டோம் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கேட்டாள்:

"அப்ப நான் இனிமே சீனி போட்டுக் குடிக்கலாமா டாக்டர்?"

எனக்குக் கூசிப்போயிற்று. இதுவா கேட்கிற கேள்வி? புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஐந்து மாதப் பாடு மண்ணாகிவிட்டது, இவள் சீனியைக் கேட்கிறாள். சும்மா இரும்மா என்று அதட்டினேன். டாக்டர், அளவாகக் குடியுங்கள் என்றார். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவள் முழங்கையைப் பிடித்து, எழுந்திரு வடிவு என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெளியே கோஆர்டினேட்டர் அறைக்கு அனுப்பினார்கள். ஜெசிந்தா மேடம் என்று ஒருவர், நல்ல மாதிரிதான். அப்பா பாத்ரூமுக்குப் போயிருந்தார், நானும் அம்மாவும் மட்டும். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பெயர் பதியலாம், ஆனால் வரிசை நீளம், சார் உடம்பு அதுவரைக்கும் தாங்க வேண்டும் என்று விளக்கினார். அப்புறம் கேட்டார்:

"குடும்பத்துல வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா" என்றாள் அம்மா.

நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் அக்கா. அவளுக்கு அடுத்த நாற்காலியில். இருபத்திமூன்று வயது, ஓட்டுப் போடுகிறவள். யாரும் இல்லை என்றால் நான் யார்? அந்த மேடம் என்னைப் பார்த்தார். இவங்க என்று இழுத்தார். அம்மா பட்டென்று சொல்கிறாள், "அது கல்யாணம் ஆகாத பிள்ளைம்மா. நாளைக்கு ஒருத்தன் வந்து வயித்துல என்ன தழும்புன்னு கேப்பான்ல."

இந்த வாக்கியத்தை எங்கள் வகுப்பில் யாராவது சொல்லிவிட்டு முழுசாக வெளியே போக முடியுமா? பெண் உடம்பு யாருக்குச் சொந்தம், எவனோ ஒருவன் வருவான் என்று அதைப் பத்திரப்படுத்தி வைக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் பேசுவேன். உயிரோடு இருக்கும்போதே கிட்னி கொடுக்கிறவர்களில் நம் நாட்டில் பெரும்பாலோர் பெண்கள், அது தெரியுமா உங்களுக்கு? மனைவி கொடுக்கலாம், அம்மா கொடுக்கலாம், அதற்கு மட்டும் அவள் உடம்பில் தழும்பு வரலாமா? திங்கட்கிழமை என் செமினார் தலைப்பே அதுதான், குடும்பத்துக்குள் கொடுப்பது யார் என்று. அதற்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். நாளைக்குக் காலையில் அப்பாவுக்கு மதுரையிலேயே டயாலிசிஸ், அம்மா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்.

அங்கே ஏன் பேசவில்லை என்றா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாள், அவளை எதிர்த்து அந்நிய ஆள் முன்னால் எப்படிப் பேசுவது? மேடம் ஒரு சீட்டில் நம்பர் எழுதி, யோசித்துப் போன் பண்ணுங்கள் என்று என் பக்கமாகத்தான் நீட்டினார். அம்மா குறுக்கே கையை விட்டு வாங்கி பர்ஸில் போட்டுக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கேட்டாலும் தந்திருக்க மாட்டாள், அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் அவள் சொன்னதில் மட்டும் இல்லை அக்கா. என்னைக் கேட்காமல் சொன்னாளே, அதில். கேள்வி வந்தது என்னைப் பற்றி. பதில் சொல்ல வேண்டியவள் நான். அதற்கு அவள் எனக்கு ஒரு நொடி கொடுத்திருக்க வேண்டும், இல்லையா? ஒரே ஒரு நொடி. அதைக்கூடக் கொடுக்காமல் முந்திக்கொண்டு...

என்ன? கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றா கேட்கிறீர்கள்?

நீங்களும் அந்த மேடம் மாதிரியே பார்க்கிறீர்கள். பதில் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். என்னிடம் எதைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடுவேன்.

சொல்கிறேன் அக்கா. கொஞ்சம் இருங்கள். சொல்கிறேன்.